நெஞ்செரிச்சலுக்காகக் கட்டிலின் தலைமாட்டை 6 இன்ச் தூக்கியது

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 இன்ச் உயரத்துக்கு மரக்கட்டை கொடுத்தேன், ராத்திரிச் சாப்பாட்டைப் படுக்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி வைத்தேன், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பழகினேன். என் நெஞ்செரிச்சலில் முக்கால்வாசி இந்த மூன்றிலேயே அடங்கிவிட்டது. எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், கஷாயம், சீரகத் தண்ணீர் வகையறா அதற்கும் பிறகு. நெஞ்சு எரிகிறது என்றாலே எல்லாரும் நேராக அடுப்படிக்குப் போவார்கள், நான் ஆசாரியைக் கூப்பிட்டேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எங்கே இடித்தது என்று எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. ஷிப்மென்ட் நெருங்கினால் வீடு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகிவிடும், வந்ததும் தட்டைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, முதுகைச் சாய்த்தால் போதும் என்று அப்படியே படுத்துவிடுவேன். நடுச்சாமத்தில் தொண்டைக்குள் புளிப்பாக ஏறி வந்து, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவது வாடிக்கையாகிப் போனது. காலையில் குரல் கரகரவென்று இருக்கும், பல் கூசும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கின மாத்திரையிலும் ஜெலூசிலிலும் கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் அதுவும் போதவில்லை என்று குடல் டாக்டரிடம் போய் எண்டோஸ்கோப்பி எடுத்தேன். ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் கிரேடு ஏ அளவில் சிராய்ப்பு, அதாவது எதுவும் 5 மி.மீ. நீளத்தைத் தாண்டவில்லை. அடுத்தது ‘லாக்ஸ் எல்.ஈ.எஸ்.’, அதாவது உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் இருக்கிற வால்வு இறுக்கமாக இல்லை. மூன்றாவது, எச். பைலோரி கிருமி இல்லை. இந்தக் கிருமிதான் பல பேருக்கு இரைப்பைப் புண் வரக் காரணம், அதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் எதுக்களிப்புக்கும், அதாவது வயிற்று அமிலம் தொண்டைப் பக்கம் ஏறி வருவதற்கும், அந்தக் கிருமிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எனக்கு இருந்தது புண் வியாதி இல்லை, வால்வுப் பிரச்சினை, இது தெரிந்ததும் வேலை பாதி சுலபமாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நேராக மரக்கடைக்குப் போய்விடாதீர்கள். நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குப்பென்று வேர்ப்பது, படியேறினால் கூடுவது, இப்படி ஏதாவது இருந்தால் அது கேஸ் இல்லை, முதலில் ஈ.சி.ஜி. எடுக்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஒரு சோடா குடித்துப் பார்ப்போம் என்று வீட்டிலேயே உட்கார்ந்து நேரத்தை விட்ட மாரடைப்புகள் நம் பக்கத்தில் ஏராளம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலி லேசாகத்தான் தெரியும் என்பதால் அவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதேபோல சோறு தொண்டைக்குக் கீழே சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம், ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் கட்டிலைத் தூக்குவதில் அர்த்தமில்லை. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

சரி, வால்வு. வாயிலிருந்து போகிற உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், அது உதரவிதானத்தில், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் தட்டில், இருக்கும் ஓட்டை வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் 3, 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு தசை வளையம் இறுகி நிற்கிறது, வெளியிலிருந்து உதரவிதானமும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. இரைப்பைக்குள் இருக்கிற அமிலத்தின் பிஹெச் சாப்பிடாத நேரத்தில் 2-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. இரைப்பைக்கு உள்ளே கோழை மாதிரி ஒரு பூச்சு இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது, உணவுக்குழாய்க்கு அப்படிக் கனமான காப்பு கிடையாது. அமிலம் அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், பெரும்பாலான எதுக்களிப்புக்காரர்களுக்கு அமிலம் எல்லாரையும் போல வழக்கமான அளவில்தான் சுரக்கிறது, இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே வருவதுதான் கோளாறு. ஏப்பம் விடுவதற்காக அந்த வளையம் அவ்வப்போது தானாகவே சில விநாடி திறக்கும், எல்லாருக்கும் திறக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அடிக்கடி திறக்கும். கொழுப்புச் சாப்பாடு, சாக்லேட், மது, சிகரெட் எல்லாம் வளையத்தைத் தளர்த்தும். தொப்பை கீழிருந்து நெருக்கும். உதரவிதான ஓட்டை வழியாக இரைப்பையின் மேல்பகுதி கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறியிருந்தால், ஹயாட்டஸ் ஹெர்னியா என்பார்கள், இரண்டு பிடிமானமும் இடம் மாறிப்போய் இன்னும் மோசம்.

பகலில் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருப்பதால் ஏறினதும் தானாக இறங்கிவிடும், விழுங்குகிற எச்சில் மீதியைக் கழுவிவிடும், எச்சிலில் அமிலத்தை முறிக்கிற பைகார்பனேட் இருக்கிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றே போகிறது, விழுங்குவதும் அபூர்வம், உடம்பும் மட்டமாகக் கிடக்கிறது. மூடி தளர்ந்த பாட்டிலை நிறைத்துப் படுக்கப் போட்டது மாதிரிதான். ஏறின அமிலம் அங்கேயே கிடந்து அரிக்கும். ராத்திரி எதுக்களிப்புதான் பகலில் வருவதைவிடக் குழாயை அதிகம் புண்ணாக்குகிறது என்று டாக்டர் சொன்னதன் காரணம் இதுதான்.

கட்டிலில் கை வைப்பதற்கு முன் ஒரு குறிப்பேடு போட்டேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நான்கு கட்டம்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், ராத்திரி எழுந்தேனா. சில வாரம் எழுதிப் புரட்டிப் பார்த்தால் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு அதே புளிக்குழம்பு, அதே ஊறுகாய், எதுவும் ஆகவில்லை. ராத்திரி பத்தரைக்கு வெறும் தயிர்சாதம் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்த நாளிலும் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். புரோட்டா சால்னா எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் படுத்தியது, அது தனிக்கதை. மற்றபடி எரிச்சலுக்கும் என்ன சாப்பிட்டேன் என்பதற்கும் இருந்த தொடர்பைவிட, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்கும் எரிச்சலுக்கும் இருந்த தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், அதனால்தான் முதலில் எழுதிப் பாருங்கள் என்கிறேன்.

இனி கட்டில். தலையணையை இரண்டு மூன்று அடுக்கிப் படுப்பதைத்தான் எல்லாரும் முதலில் செய்வார்கள், அது உதவாது. தலையும் கழுத்தும் மட்டும் தூக்கிக்கொண்டு உடம்பு இடுப்பில் மடங்குவதால் வயிறு இன்னும் நெருக்கப்படுகிறது, கழுத்து வலி வேறு. இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சரிவாக இருக்க வேண்டும். அதற்குச் சொல்லப்படுகிற உயரம் 6 முதல் 8 இன்ச், அதாவது 15 முதல் 20 செ.மீ. எங்கள் கட்டில் ஆறேகால் அடி, 75 இன்ச். அதில் ஒரு முனையை 6 இன்ச் தூக்கினால் சாய்வு நான்கரை டிகிரிதான் வரும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், படுத்துப் பார்த்தால் நன்றாகவே தெரியும். 8 இன்ச்சுக்குப் போனால் 6 டிகிரி, அதில் தூக்கத்தில் சறுக்கிக் கீழே வருவது அதிகம் என்பதால் 6 இன்ச்சோடு நிறுத்தினேன்.

செங்கல் ஒன்று 3 இன்ச் உயரம், இரண்டு அடுக்கினால் கணக்கு சரியாக வரும், காசும் ஆகாது. ஆனால் கட்டில் கால் செங்கல் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், யாராவது தொப்பென்று உட்கார்ந்தாலோ பெருக்கும்போது கட்டிலை இழுத்தாலோ நழுவிவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த விளையாட்டே வேண்டாம். காலை உள்ளே வாங்கிக்கொள்கிற குழி இருக்கிற கட்டைதான் வேண்டும் என்று முடிவு செய்து எங்கள் தெருவில் வேலை பார்க்கிற ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, எல்லாரும் கட்டில் ஆடுது, மட்டம் பண்ணிக் குடுங்கன்னு கூப்பிடுவாங்க. நீங்க மட்டமா இருக்கறதச் சரிச்சு வெக்கச் சொல்றீங்க, வாஸ்துங்களா?” என்றார். “வாஸ்து இல்லீங்ணா, வயிறு” என்றேன். அவருக்கும் அதே கோளாறு இருந்திருக்கும் போல, விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

6 இன்ச் சதுரத்தில் முழுக்கட்டை மரக்கடையில் சுலபத்தில் கிடைக்கவில்லை. நிலைக்கு அறுத்து வைத்திருக்கிற 5-க்கு 3 சட்டம்தான் துண்டாகக் கிடந்தது, வேப்ப மரம், நன்றாக வைரம் பாய்ந்தது. அதில் 7 இன்ச் நீளத்துக்கு நான்கு துண்டு அறுத்து, இரண்டிரண்டாக ஃபெவிகால் போட்டு ஒட்டி, பக்கவாட்டில் நீள ஸ்க்ரூ இறக்கினார். இப்போது 5-க்கு 6 அடிப்பாகம், 7 இன்ச் உயரம். துண்டை நிறுத்தி வைக்கும்போது மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும், படுக்க வைத்தால் நாளாவட்டத்தில் பாரத்துக்குப் பிளக்கும் என்று அவரே சொன்னார். மேல்முகத்தில் 3 இன்ச் சதுரத்துக்கு 1 இன்ச் ஆழத்தில் உளியால் குழி வெட்டினார். கட்டில் கால் இரண்டே முக்கால் இன்ச், குழிக்குள் உட்கார்ந்தால் மீதி உயரம் சரியாக 6 இன்ச்.

உட்கார வைத்ததும்தான் ஒரு சங்கதி தெரிந்தது. கட்டில் சாயும்போது காலும் கூடவே சாய்கிறது, அதனால் காலின் அடி குழிக்குள் முழுசாகப் படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் நிற்கிறது, எதிர் விளிம்பில் கிட்டத்தட்ட 5 மி.மீ. இடைவெளி. நான்கரை டிகிரிக்கு இரண்டே முக்கால் இன்ச் காலில் அவ்வளவுதான் வரும், கணக்குப் போட்டாலும் அதேதான். குழியின் அடியைச் சரிவாகச் செதுக்கலாம் என்றார், நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மடித்து அந்த இடைவெளியில் திணிக்கச் சொன்னேன். ரப்பர் இருப்பதால் கிறீச் சத்தமும் வராது. கால்மாட்டுப் பக்கத்துக் கால்களிலும் இதே கதை, அவை தரையில் விளிம்பால் நிற்கும், டைல்ஸ் தரையில் கட்டில் மெதுவாக முன்னால் நகரும். அதற்கு இரண்டு கால்களுக்கும் ரப்பர் புஷ் மாட்டி, கால்மாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டோம். கடைசியாகத் தலைமாட்டுச் சட்டத்தின் மேல் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் நூல் அளவு இறங்கியிருந்தது, ஒரு மைக்கா துண்டு கொடுத்துச் சரிசெய்தார். குறுக்கே மட்டம் தப்பினால் ராத்திரி முழுக்க ஒரு பக்கம் உருளுகிற மாதிரியே இருக்கும்.

முதல் சில நாள் மெத்தை விரிப்போடு சேர்ந்து கீழே இறங்கியது. அலமாரித் தட்டில் விரிக்கிற வழுக்காத ரப்பர் வலையை மெத்தைக்கு அடியில் விரித்ததும் நின்றது. நைலான் மாதிரி வழவழ விரிப்பை எடுத்துவிட்டுக் கைத்தறி விரிப்புப் போட்டோம். “ஏனுங்க, எரியறது உங்களுக்கு, சறுக்கறது எனக்குங்களா?” என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். பழகிய பிறகு அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டிலுக்குக் கால் இருக்காது, இந்த வேலை அதற்கு ஆகாது. அவர்கள் சரிவு மெத்தை அடித்து வாங்கலாம். மெத்தைக் கடையில் ஃபோம் சாய்வாக வெட்டித் தருவார்கள், தலைப்பக்கம் 7 இன்ச், நீளம் இரண்டரை அடியாவது இருக்க வேண்டும், இடுப்புக்கு மேல் முழு உடம்பும் அதன் மேல் வரவேண்டும். 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள், மெலிந்த ஃபோமும் இலவம்பஞ்சும் ஒரு மாதத்தில் அமுங்கி வெறும் தலையணையாகிவிடும். பாயில் படுப்பவர்களுக்கு 18 மி.மீ. பிளைவுட் பலகை, ஆறடிக்கு மூன்றடி, ஒரு முனைக்கு அடியில் நீளமாக ஒரே மரச்சட்டத்தைக் கொடுத்துத் தூக்கி, நடுவிலும் பாதி உயரத்துக்கு ஒரு சட்டம் கொடுத்துவிட்டால் வளையாது. ஊரில் அம்மாவுக்கு இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன், அவர்களுக்குக் கட்டில் ஆகாது.

இடது பக்கம் படுப்பதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் பழகுவதுதான் கஷ்டம். இரைப்பை இடது பக்கமாகத் தொங்குகிறது. இடது பக்கம் படுத்தால் உள்ளே இருக்கிற திரவம் பள்ளத்தில் தேங்கும், வால்வு அதற்கு மேலே நிற்கும். வலது பக்கம் திரும்பினால் வால்வு திரவத்துக்குள் முங்கிக் கிடக்கும். சித்த மருத்துவத்திலும் இடது கைப்பக்கம் படுக்கத்தான் சொல்வார்கள். தூக்கத்தில் புரளாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை ஒட்டி வைத்துக்கொண்டேன், கொஞ்ச நாளில் உடம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பப் பழகிவிட்டது. வெளியூர் போய் லாட்ஜில் தங்கினால் கட்டிலை ஒன்றும் செய்ய முடியாது, அங்கே இது ஒன்றுதான் துணை.

சாப்பாட்டு நேரத்தை மாற்றுவது கட்டில் வேலையைவிடப் பெரிய வேலை. நல்ல முழுச்சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நான்கு மணி நேரம் வரை ஆகும், எண்ணெயும் கொழுப்பும் அதிகமானால் இன்னும் தாமதமாகும். பத்தரைக்கு வீட்டுக்கு வருகிறவன் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டால் ஒன்றரைக்குத்தான் படுக்க முடியும், அது நடக்காத காரியம். அதனால் சாப்பாட்டை முன்னால் இழுத்தேன். மத்தியானச் சோற்றுடன் இன்னொரு டப்பாவும் எடுத்துப் போய் ஏழு மணிக்கு ஆபீசிலேயே சாப்பிடுகிறேன், இட்லியோ சப்பாத்தியோ, சில நாள் எலுமிச்சை சாதமோ. வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழம் அல்லது அரை டம்ளர் கஞ்சி, அதற்கு மேல் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது வார நாட்களில் போய்விட்டது, இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காத ஒரே அம்சம் அதுதான். கல்யாண ரிசப்ஷன்கள் இன்னொரு தொல்லை, ஒன்பதரைக்குத்தான் பந்தியே போடுவார்கள், அங்கே இலையில் பாதியைத் தொடாமல் எழுந்து வருகிறவனை எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எதைச் சாப்பிடுவது என்பதில் என் அபிப்பிராயம் இது: பொதுப் பட்டியலைப் பார்த்துப் பாதிச் சாப்பாட்டை விலக்குவது வீண். உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப மாட்டுகிறது எது என்று பார்த்து அதை மட்டும் விலக்குங்கள். எனக்கு மாட்டியவை புரோட்டா சால்னா, பஜ்ஜி போண்டா, தயிர்ப் பச்சடியில் பச்சை வெங்காயம், வெறும் வயிற்றில் டிகாஷன் தூக்கலான காப்பி. மிளகாய் அவ்வளவாக இல்லை, ரசமும் இல்லை, நான் பயந்துகொண்டிருந்த நன்றாகப் புளித்த தோசைமாவும் இல்லை. காப்பியை முழுசாக விடவில்லை, காலை டிபனுக்குப் பிறகு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அமெரிக்காவில் நர்சுகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில் 2021-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: சரியான எடை, புகை பிடிக்காமை, தினம் அரைமணி நேர உடலுழைப்பு, காப்பி டீ குளிர்பானம் எல்லாம் சேர்த்து இரண்டு கப்புக்கு மேல் போகாமை, நல்ல சாப்பாடு, இந்த ஐந்தும் இருந்தால் எதுக்களிப்பில் 37 சதவீதம் அளவுக்குத் தவிர்க்கலாம் என்று. இரண்டு கப் என்று நான் பிடித்துக்கொண்டது அதிலிருந்துதான்.

கைவைத்தியம் எதையும் விட்டு வைக்கவில்லை. சீரகத் தண்ணீர் குடிக்க இதமாக இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டதும் கொஞ்சம் சோம்பு மெல்வது நல்ல பலன், எச்சில் ஊறி விழுங்க விழுங்கக் குழாய் கழுவப்படுகிறது என்பதால்தான் என்று நினைக்கிறேன், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மும் அதே வேலையைச் செய்தது. குளிர்ந்த பால் குடித்ததும் அடங்கும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வரும், பாலில் இருக்கிற புரதமும் கால்சியமும் அமிலத்தை மேலும் சுரக்க வைக்கும். கோலி சோடா ஏப்பத்தைக் கொண்டுவந்து நிம்மதி கொடுக்கிற மாதிரி இருக்கும், அந்த ஏப்பத்துக்கு வால்வு திறந்தாக வேண்டும், திறந்தால் அமிலமும் கூடவே வரும். ஆப்பிள் சிடர் வினிகர் குடிக்கச் சொல்லி உறவில் இரண்டு பேர் வற்புறுத்தினார்கள், சிராய்ப்பு இருக்கிற குழாயில் வினிகர் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பவர்கள் கவனிக்க: ஒரு டீஸ்பூனில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது, ஒரு நாளைக்கே 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தொடவே கூடாது. அதிமதுரமும் அப்படித்தான், அளவு மீறித் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும், நாட்டு மருந்துக்கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இயற்கை வைத்தியம் என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். டாக்டர் எனக்கு எட்டு வாரத்துக்குப் பான்டோபிரசோல் என்கிற, அமிலச் சுரப்பைக் குறைக்கிற மாத்திரை எழுதினார், காலையில் வெறும் வயிற்றில், டிபனுக்கு அரைமணி முன்னால். சாப்பிட்ட பிறகு போட்டால் இந்த வகை மாத்திரை அவ்வளவாக வேலை செய்யாது, அமிலம் சுரக்கிற பம்பு சாப்பாட்டுக்காக விழிக்கிற நேரத்தில் ரத்தத்தில் மாத்திரை இருந்தால்தான் அதைப் பிடிக்கும். சிராய்ப்பு ஆறுவதற்கு அந்த எட்டு வாரம் தேவை, கட்டிலைத் தூக்கிவிட்டேன் என்று நடுவில் விட்டுவிடவில்லை. முடிந்த பிறகு திடீரென்று நிறுத்தினால் அமிலம் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பொங்கும். டென்மார்க்கில் எந்த வயிற்றுக் கோளாறும் இல்லாத 120 பேரை வைத்து 2009-ல் வந்த ஆய்வில், பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தியதும் அவர்களில் 44 சதவீதம் பேருக்குப் புதிதாக எரிச்சல், அஜீரணம் மாதிரித் தொல்லைகள் வந்தன. நிறுத்தினேன், உடனே வந்துவிட்டது, ஆயுசுக்கும் இது வேண்டும் போல என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, அந்த இடைவெளியை ஆல்ஜினேட் சேர்ந்த சிரப்பால் சமாளித்து மெதுவாக இறங்கினேன். ஆல்ஜினேட் கடல்பாசியிலிருந்து எடுப்பது, வயிற்றுக்குள் போனதும் நுரைத்து ஒரு படலமாகச் சாப்பாட்டின் மேல் மிதக்கும். மன்னார் வளைகுடாவில் நம் கடலோரப் பெண்கள் முங்கி எடுக்கிற பாசிகளில் சில இதற்குத்தான் போகின்றன. பாரெட் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோலே மாறிப்போவது) என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தாலோ, சிராய்ப்பு கடுமையாகி கிரேடு சி, டி என்றிருந்தாலோ, இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தாலோ மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு நோய்க்கு எடுக்கிற மாத்திரைகளின் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தக்கொதிப்புக்குத் தருகிற அம்லோடிபின் வகை வால்வைத் தளர்த்தக்கூடும், மூட்டுவலி மாத்திரைகள் வயிற்றை அரிக்கும்.

மூச்சுப் பயிற்சியை நான் முதலில் நம்பவில்லை. ஆனால் உதரவிதானம் வால்வின் வெளிப்பிடி என்று தெரிந்த பிறகு அதைப் பழக்குவதில் அர்த்தம் இருப்பதாகப் பட்டது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 19 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது, தினம் அரைமணி வயிற்று மூச்சு பழகியவர்களுக்கு நான்கு வாரத்தில் குழாயில் அமிலம் படுகிற நேரம் குறைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே, மூக்கால் இழுக்கும்போது கீழ்க்கை மட்டும் எழ வேண்டும், மேல்கை அசையக்கூடாது, மெதுவாக விட வேண்டும். காலையில் டிபனுக்கு முன் செய்கிறேன், அரைமணி என்பது எல்லா நாளும் முடிவதில்லை.

இடுப்பு வாரும் ஒரு குற்றவாளி. பெல்ட் இறுக்கினால் அமிலம் மேலே ஏறுவது கூடுகிறது என்று ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். நான் சாப்பிட உட்காரும்போது ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்கிறேன். புடவைக்காரர்களுக்கு உள்பாவாடை நாடா இதே வேலையைச் செய்யும், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து குனிந்து சாப்பிடுபவர்களுக்கு இரட்டிப்பு. தொப்பையைக் குறைப்பதுதான் நிரந்தர வழி, நான்கு கிலோ இறங்கியதிலேயே வித்தியாசம் தெரிந்தது, மீதி இறங்க மாட்டேன் என்கிறது.

இப்போது நிலவரம்: மாத்திரை இல்லை, சிரப் பாட்டில் அலமாரியில் இருக்கிறது, ஏதாவது விசேஷத்துக்குப் போய் வந்த ராத்திரிகளில் மட்டும் திறக்கிறேன். ராத்திரி புளித்து எழுவது அபூர்வமாகிவிட்டது. பகல் எரிச்சல் முழுசாகப் போகவில்லை, வருட முடிவுக் கணக்கு நேரத்தில் காப்பி கூடும்போது தலைகாட்டுகிறது. மரத்துக்கும் கூலிக்கும் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது, ரப்பர் வலையும் புஷ்ஷும் தனி. கட்டை செய்து கொள்கிறவர்களுக்கு ஒன்று: முதல் மழைக்காலம் முடிந்ததும் மரம் சுருங்கி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், ஒரு சுற்று முறுக்கிவிடுங்கள், குழிக்குள் இருக்கிற டியூப் ரப்பர் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள், அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவினால் கரையான் அண்டாது.